ஹைட்ரண்ட் ‘டர்ன்கீ’ ஒப்பந்தம்: அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு மதிப்புரை

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஹைட்ரண்ட், அதாவது தீயை அணைக்கத் தளந்தோறும் தண்ணீர் தரும் குழாய் அமைப்பு, போட்டுத்தரும் நிறுவனங்கள் தமிழ்நாட்டின் பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. குழாய், பம்ப், வால்வு, பேனல் தொடங்கித் தீயணைப்புத் துறைச் சான்றிதழ் வரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்று சொல்லி மொத்தமாக ஒரு தொகை கேட்கும் ‘டர்ன்கீ’ சேவையைத்தான் பல சங்கங்கள் வாங்குகின்றன. அந்தச் சேவையை, அதன் வழக்கமான கொட்டேஷனையும் கட்டண நிபந்தனைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு இங்கே எடைபோடுகிறோம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆட்களின் வேலைத்திறன் பரவாயில்லை, ஒப்பந்தம்தான் பலவீனம். பொருள் வந்து இறங்கியதும் பெரும்பணம் போய்விடுகிறது. மேல்தளக் கடைசி வால்வில் போதிய அழுத்தத்தோடு தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் நாளில் சங்கத்தின் கையில் பிடிமானம் எதுவும் மிஞ்சுவதில்லை.

கொட்டேஷன் வாங்குவதற்கு முன், இந்தச் செலவு சங்கத்தின் தலையில் விழ வேண்டியதுதானா என்று பார்த்துவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ சேவை வசதிகளிலோ உள்ள குறையைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். ஓடாத பம்பும், கசியும் நிலத்தடிக் குழாயும் இதற்குள் அடங்கும் என்றே நாம் வாதிட முடியும். 18.30 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடம் என்றால், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அது உயரக் கட்டட வகை. அதற்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும், அதோடு ஒப்புதல் பெற்ற வரைபடமும் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைக் கட்டுநரிடமிருந்து வாங்கிப் பாருங்கள். அதில் காட்டிய ஹைட்ரண்ட் கட்டடத்தில் இல்லையென்றால், எழுத வேண்டியது கட்டுநருக்கான கடிதம். புது ஒப்பந்தத்தை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இனி கொட்டேஷன். முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். ‘எங்கள் வேலையில் சேராதவை’ என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். வழக்கமாக அதில் வருபவை: பம்ப் அடித்தளக் கான்கிரீட், தளங்களில் குழாய்க்குத் துளையிடும் கோர் கட்டிங், பள்ளம் தோண்டி மூடுதல், பெயர்த்த பேவர் கல்லைத் திரும்பப் பதித்தல், மின் பேனலுக்கு வரும் கேபிள், டீசல், சோதனைக்கான தண்ணீர், சாரம். ஜி.எஸ்.டி. 18% தனி. இவற்றில் பெரிய அடி கேபிளில்தான் விழும். நிமிடத்துக்கு 2280 லிட்டர், 70 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) உள்ள பம்புக்குத் தண்ணீரைத் தள்ளும் வேலைக்கு மட்டுமே 26 கிலோவாட் ஆகிறது. பம்பின் திறன் இழப்பையும் சேர்த்தால் 45 கிலோவாட், அதாவது 60 குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். குடியிருப்பின் பொது இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா, மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுவது யார், கேபிள் எங்கிருந்து எங்கே வரும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வரி வரியாக இருக்க வேண்டும். கட்டடத்தின் மெயின் பிரேக்கரை அணைத்தாலும் பம்புக்கு மின்சாரம் நிற்கக் கூடாது. ஆகவே இணைப்பை மெயின் பிரேக்கருக்கு முன்னாலிருந்தே எடுக்க வேண்டும். தீ பிடித்ததும் எல்லோரும் முதலில் அணைப்பது மெயின் சுவிட்சைத்தான்.

விலைப் பட்டியல் மொத்தத் தொகையாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் அளவும் விலையும் தனித்தனியாக உள்ள பி.ஓ.கியூ. கேளுங்கள். குழாய்க்கு ‘ரன்னிங் மீட்டர் விலையில் பெண்டு, டீ, ரெடியூசர், ஃபிளேஞ்ச், வெல்டிங், சப்போர்ட், இரண்டு கோட் பெயின்ட் எல்லாம் அடக்கம்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் பெண்டு, டீ போன்ற இணைப்புத் துண்டுகளுக்குத் தனி பில் வரும். பொருத்திய பிறகு இரு தரப்பும் சேர்ந்து குழாயின் மையக்கோட்டில் அளந்து கையெழுத்திட வேண்டும், அந்த அளவுக்கே பணம் என்பதும் எழுத்தில் வேண்டும்.

குழாயில் நடக்கும் சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரநிலையில் மீடியம், ஹெவி என்ற இரண்டு கனங்கள் புழக்கத்தில் உள்ளன. கடைப் பேச்சில் பி கிளாஸ், சி கிளாஸ். மீடியத்துக்கு நீலப் பட்டை, ஹெவிக்குச் சிவப்புப் பட்டை. 100 மி.மீ. குழாயில் மீடியத்தின் சுவர்க்கனம் 4.5 மி.மீ., ஹெவி 5.4 மி.மீ. வெளிவிட்டம் இரண்டுக்கும் ஒன்றே. சிவப்புப் பெயின்ட் அடித்த பிறகு வேறுபாடு தெரியாது. நிலத்துக்கடியில் போவதற்கு ஹெவி என்று எழுதிவிட்டு மீடியம் வந்து இறங்கினால், துருவுக்கு ஈடுகொடுக்க வேண்டிய கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரை இழக்கிறோம். சரிபார்க்க எளிய வழி எடை. 6 மீட்டர் நீளமுள்ள 100 மி.மீ. ஹெவிக் குழாய் ஒன்று சுமார் 87 கிலோ வரும், மீடியம் 73 கிலோதான். லாரியின் எடைமேடைச் சீட்டையும் குழாய் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் போதும். வெர்னியர் வைத்து வெட்டுமுனையில் அளந்தாலும் தெரிந்துவிடும். இதைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

நிலத்தடிக் குழாய்க்கு இன்னொரு நிபந்தனை உண்டு: ஐ.எஸ். 10221-இன்படி பிரைமர் பூசி, 4 மி.மீ. கனமுள்ள துருத்தடுப்பு டேப் சுற்ற வேண்டும். நீளமான பகுதிகளில் டேப்பை ஒழுங்காகச் சுற்றிவிடுவார்கள். பள்ளத்தில் இறக்கிய பிறகு வெல்டிங் செய்த மூட்டுகளில்தான் கைவிட்டுவிடுவார்கள். சில ஆண்டுகளில் ஓட்டை விழுவதும் சரியாக அந்த மூட்டுகளில்தான். கடலோர மண்ணிலும் உப்பு நீர் ஏறும் பகுதியிலும் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: வெல்டிங், மூட்டுகளைத் திறந்தபடி வைத்தே அழுத்தச் சோதனை, பிறகு மூட்டுகளுக்கு டேப், பிறகு ஸ்பார்க் டெஸ்டர் வைத்து டேப்பில் ஓட்டை இருக்கிறதா என்ற சோதனை, அதற்குப் பிறகே மண். குழாயின் மேல் ஒரு மீட்டர் மண் இருக்கட்டும், வண்டி போகும் இடத்தில் ஹியூம் எனும் கான்கிரீட் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோகட்டும். ‘சங்கத்தின் பிரதிநிதி கையெழுத்திடாமல் மூடிய பள்ளத்தை ஒப்பந்ததாரர் தன் செலவில் திரும்பத் தோண்டிக் காட்ட வேண்டும்’ என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். இந்த வரி இருந்தால் தோண்ட வேண்டிய தேவையே அநேகமாக வராது.

தளந்தோறும் ஹோஸை மாட்டும் லேண்டிங் வால்வு ஐ.எஸ். 5290, ஹோஸ் ஐ.எஸ். 636, கப்ளிங்கும் ஹோஸ் முனையில் மாட்டும் பிராஞ்ச் பைப்பும் ஐ.எஸ். 903, ஹோஸ் ரீல் ஐ.எஸ். 884. எண்கள் கொட்டேஷனில் சரியாகவே இருக்கும். வந்து இறங்கும் பொருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்பது வந்துவிடும். ஒரு ஹோஸ் பெட்டிக்கு 63 மி.மீ. ஹோஸ் 15 மீட்டர் நீளத்தில் இரண்டு, பிராஞ்ச் பைப் ஒன்று என்பது வழக்கம். இரண்டையும் இணைத்தால் 30 மீட்டர். அந்த 30 மீட்டரை வரைபடத்தில் நேர்கோடாக அளக்காமல், தாழ்வாரத்தின் திருப்பங்களோடு கடைசி வீட்டின் கடைசி அறை வரை நூல் பிடித்து அளக்க வேண்டும். ஹோஸ் எட்டவில்லையென்றால் இன்னொரு ரைசர் (மேலேறும் செங்குத்துக் குழாய்) தேவை என்று அர்த்தம். அதைக் கொட்டேஷன் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். வால்வு தரையிலிருந்து 1 முதல் 1.2 மீட்டர் உயரத்துக்குள் இருக்கட்டும்.

கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் செய்த வால்வு போன்ற பொருள்கள் பழைய உலோகக் கடையில் நல்ல விலைக்குப் போவதால் திருட்டுப்போகும் ஆபத்து அதிகம். பொதுவழியில் உள்ள பெட்டிகளின் பொருள்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேலை நடக்கும்போது காணாமல் போனால் யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட வேண்டும். ஒப்படைப்புக் கையெழுத்து ஆகும் வரை ஒப்பந்ததாரர் பொறுப்பு என்பதே நியாயம்.

பம்ப் அறையில்தான் இந்தச் சேவையின் உண்மையான தரம் தெரியும். மின்பம்ப் ஒன்று, அதே கொள்ளளவில் டீசல் பம்ப் ஒன்று, அழுத்தத்தைப் பிடித்துவைக்க நிமிடத்துக்கு 180 லிட்டர் ஜாக்கி பம்ப் ஒன்று என்பது பரவலான அமைப்பு. தீயணைப்புப் பம்ப் தன் குறித்த ஓட்டத்தின் 150% அளவில் ஓடும்போதும் குறித்த ஹெட்டில் 65% தர வேண்டும். வால்வு மூடியிருக்கும்போது கிடைமட்டப் பம்பின் ஹெட் 120%-ஐத் தாண்டக் கூடாது. முன்சொன்ன பம்புக்கு இதன் பொருள்: நிமிடத்துக்கு 3420 லிட்டரில் குறைந்தது 45.5 மீட்டர், மூடிய நிலையில் அதிகபட்சம் 84 மீட்டர். சாதாரணத் தண்ணீர் பம்ப் இதில் தோற்றுவிடும். எனவே விளம்பரப் புத்தகத்தில் இருக்கும் பொது வரைகோட்டை ஏற்காமல், அந்த வரிசை எண்ணுள்ள பம்பைத் தொழிற்சாலையில் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். பொருளோடு அதையும் தருவது அவர்கள் கடமை என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கிர்லோஸ்கர் போலத் தெரிந்த பெயர்களைப் போட்டு ‘அல்லது அதற்கு இணையானது’ என்று முடிக்கும் வரி ஆபத்தானது. இணையானதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை சங்கத்துக்கே என்று சேர்க்காவிட்டால், எந்தப் பம்பையும் இணை என்று இறக்கிவிடலாம்.

உத்தரவாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் அல்லது இயக்கிய நாளிலிருந்து 12 மாதம், எது முந்தியதோ அது’ என்பது பம்ப் நிறுவனங்களின் வழக்கமான வாசகம். பொருள் வந்ததும் பணம் என்ற ஒப்பந்தத்தில் பம்பை முதல் மாதமே கொண்டுவந்து இறக்கத் தோன்றும். அறை தயாராகும் வரை அது பேஸ்மென்ட்டில் கிடக்கும், உத்தரவாதம் கரைந்துகொண்டிருக்கும். அடித்தளக் கான்கிரீட் முடிந்த பிறகே பம்பை அனுப்ப வேண்டும் என்று தேதியைக் கட்டிப்போடுங்கள்.

தொட்டியையும் இதோடு பார்த்துவிட வேண்டும். பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் தானாக வந்து நிற்கும். மேலே வைத்தால், உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஃபுட் வால்வை நம்ப வேண்டும். அது கசிந்தால் பம்ப் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர் ஏறாது. பழைய கட்டடத்தில் இடமில்லை என்று பம்பை மேலே வைக்கச் சொன்னால், பம்பை நீரால் நிரப்பிவைக்கும் பிரைமிங் தொட்டியும் அதன் பராமரிப்பும் விலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுத் தண்ணீரும் தீயணைப்புத் தண்ணீரும் ஒரே இடத்தில் சேமிக்கப்படும் குடியிருப்பில், வரும் நீர் முதலில் தீயணைப்புப் பகுதியை நிரப்பி, வழிந்து வீட்டுப் பகுதிக்குப் போகும்படி அமைக்க வேண்டும். தண்ணீர் தேங்கிக் கெடாது. கோடையில் வீட்டுத் தேவைக்கென்று தீயணைப்பு இருப்பை உறிஞ்சிவிடவும் முடியாது.

இப்போது பணம் கொடுக்கும் முறை. சந்தையில் வழங்குவது 30-60-10: முன்பணம் 30, பொருள் இறங்கியதும் 60, முடிந்ததும் 10. உதாரணத்துக்கு 40 லட்சம் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயும் பம்பும் வளாகத்துக்குள் வந்த அன்று 36 லட்சம் போய்விட்டது. வெல்டிங், பொருத்துதல், சோதனை, வயரிங், சான்றிதழ் எல்லாம் மீதமுள்ள 4 லட்சத்துக்குள் நடக்க வேண்டும். மிச்சமுள்ள கூலி அந்த 4 லட்சத்தைத் தாண்டினால், வேலையை இழுத்தடிப்பதே ஒப்பந்ததாரருக்கு லாபம். ஆள் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை, கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

நாங்கள் பரிந்துரைக்கும் பங்கீடு இது. வங்கி உத்தரவாதத்தின் பேரில் முன்பணம் 10%. பொருள் வந்து, எடையும் உரிம எண்ணும் சரிபார்த்த பிறகு, தவணைகளில் 50%. குழாய் பொருத்தி அழுத்தச் சோதனையில் தேறியதும் 15%. பம்புகள் தானியங்கியாக ஓடி, மேல்தள ஓட்டச் சோதனை முடிந்ததும் 15%. ஆவணங்களை ஒப்படைத்து, துறை ஆய்வில் சுட்டிய குறைகளைச் சரிசெய்ததும் 5%. கடைசி 5% ஓராண்டு குறைதீர்ப்புக் காலம் முடியும் வரை பிடித்துவைக்கப்படும். சிறிய நிறுவனங்கள் வங்கி உத்தரவாதம் தர முடியாது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர்களிடம் முன்பணமே இல்லாமல், முதல் லோடு குழாய் வந்ததும் பணம் என்று பேசலாம். தாமதத்துக்கு வாரத்துக்கு 0.5%, அதிகபட்சம் 5% பிடித்தம் என்பது வழக்கில் உள்ள அளவுதான். அதே நேரம் சங்கத்தின் கடமையும் எழுதப்பட வேண்டும். பில் வந்த இத்தனை நாளுக்குள் அளந்து பணம் தருவோம் என்ற வரி இல்லாமல் கடுமையான நிபந்தனை மட்டும் போட்டால், நல்ல ஒப்பந்ததாரர்கள் விலை சொல்லவே வரமாட்டார்கள். பொதுக்குழுத் தீர்மானமும் வசூலும் முடியாமல் வேலை ஆணை கொடுக்கவே கூடாது. பில்லில் டி.டி.எஸ். பிடிப்பதைப் பற்றிச் சங்கத்தின் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனைகளைப் பொதுவாக ‘டெஸ்டிங் அண்ட் கமிஷனிங்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். அதை விரிக்க வேண்டும். குழாய்களுக்கு, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு, குறைந்தது 2 மணி நேரம், அழுத்தம் இறங்கக் கூடாது. அளவீட்டுச் சான்று உள்ள கேஜ் இரண்டு இருக்கட்டும். ரைசர் உச்சியில் காற்று வெளியேற்றும் வால்வு போட்டிருக்கிறார்களா என்று அப்போதே பாருங்கள். அது இல்லையென்றால் உள்ளே சிக்கிய காற்று, பம்ப் எடுக்கும்போது குழாயைத் தடதடவென்று ஆட்டும்.

பம்ப் சோதனையில் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. ஒரு வால்வைச் சிறிது திறந்தால் ஜாக்கி எடுக்க வேண்டும். முழுதாகத் திறந்தால் மின்பம்ப். அதன் மின்சாரத்தைத் துண்டித்தால் டீசல். ஓர் உதாரண அமைவு: ஜாக்கி 6 கிலோ/ச.செ.மீ. அழுத்தத்தில் எடுத்து 7-இல் நிற்கும், மின்பம்ப் 5-இல் எடுக்கும், டீசல் 4-இல். ஜாக்கி தானாக நிற்கலாம். பெரிய பம்புகள் இரண்டும் எடுத்தபின் கையால்தான் நிறுத்தப்பட வேண்டும். அழுத்தம் ஏறியதும் மெயின் பம்ப் தானாக நிற்கும்படி பேனலை அமைத்துவிட்டு ‘முழுத் தானியங்கி’ என்று காட்டினால் ஏற்காதீர்கள். அணைப்புப் பணியின் நடுவில் பம்ப் நின்று நின்று ஓடும். யாரும் தண்ணீர் திறக்காமலே ஜாக்கி அடிக்கடி எடுத்தால் எங்கோ கசிவு அல்லது தண்ணீர் பின்னால் போகாமல் தடுக்கும் திரும்பாத்தடை வால்வு சரியாக உட்காரவில்லை. அந்த நிலையில் ஒப்படைப்பை ஏற்கக் கூடாது.

அதற்குப் பிறகு, பம்ப் அறையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ரைசரின் உச்சி வால்வில் ஹோஸை மாட்டி, 20 மி.மீ. நாசிலோடு தண்ணீரைப் பாயவிட்டு அழுத்தத்தை அளக்க வேண்டும். தண்ணீர் ஓடும்போது 3.5 கிலோ/ச.செ.மீ. நிற்க வேண்டும். வால்வு மூடியிருக்கும்போது கேஜ் காட்டும் எண்ணை வைத்துத் தேறிவிட்டது என்று சொன்னால் அது சோதனையே அல்ல. நாசில் முனையிலேயே 3.5 கிலோ இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 490 லிட்டர் பாயும், ஆகவே வடிகால் வழியை முன்பே பார்த்துவைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் எதிர்ச் சிக்கல் வரும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் கூடுவதால், உயரமான கட்டடத்தின் கீழ்த்தள வால்வில் 7 கிலோவைத் தாண்டினால் ஹோஸைப் பிடிப்பவரைத் தூக்கியடிக்கும். அங்கே அழுத்தத்தைக் குறைக்கும் ஆரிஃபிஸ் (துளைத்) தட்டு போட வேண்டும். அதுவும் பி.ஓ.கியூ.வில் ஓர் உருப்படியாக இருக்கட்டும்.

நுழைவாயில் அருகே தீயணைப்பு வண்டி தண்ணீர் ஏற்றும் இன்லெட்டுக்கு முன்னால் வாகனம் நிறுத்தும் கோடு போட்டிருந்தால் அந்தக் கோட்டை அழிக்க வேண்டும். அதன் திரும்பாத்தடை வால்வில் உள்ள அம்புக்குறி கட்டடத்தை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள், தலைகீழாகப் போட்டுவிடுவது நடக்கிறது.

சான்றிதழ் விஷயத்தில் இந்தச் சேவையை நாங்கள் குறைத்தே மதிப்பிடுகிறோம். ‘லயசன் கட்டணம்’ என்று ரசீது இல்லாத ஒரு தொகை பல கொட்டேஷன்களில் இருக்கும். அதை நீக்கிவிடச் சொல்லுங்கள். அரசுக் கட்டணத்தைச் சங்கமே தன் பெயரில் நேராகக் கட்டி ரசீது வாங்கட்டும். ஒப்பந்ததாரரின் வேலை வரைபடம், சோதனை அறிக்கைகள், தரச் சான்றுகளைத் தயாரித்துத் தருவதும், ஆய்வு நாளில் ஆட்களோடு நின்று எல்லாவற்றையும் ஓட்டிக்காட்டுவதும்தான். சான்றிதழ் வரும் தேதி அவர் கையில் இல்லை. அதனால்தான் அந்த 5%-ஐச் சான்றிதழோடு கட்டாமல் குறைதீர்ப்போடு கட்டச் சொன்னோம்.

குடியிருப்பில் மக்கள் இருக்கும்போதே வெல்டிங் நடக்கும். வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் தீயணைப்பானோடு ஓர் ஆள், வேலை முடிந்தும் அரை மணி நேரக் காவல், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, மூன்றாம் நபர் சேதக் காப்பீடு ஆகிய நான்கும் வேலை ஆணைக்கு முன்னால் காகிதத்தில் வர வேண்டும்.

டர்ன்கீக்கு மாற்றாக, பிளம்பிங் ஒப்பந்ததாரர் குறைந்த விலை சொல்வார். குழாய் வேலையில் அவர் குறைவைக்கமாட்டார், பம்ப் பேனலும் அழுத்த அமைவும் அவருக்கு வராது. மூன்று நான்கு தளத்துக் கட்டடத்தில், மாடித் தொட்டியிலிருந்து கீழிறங்கும் குழாயான டவுன்கமர் மட்டும் போடும் வேலைக்கு அவர் போதும். பல பிளாக்குகள் உள்ள வளாகத்துக்கு, ஓர் ஆலோசகரை வைத்து வரைபடமும் பி.ஓ.கியூ.வும் தனியாகத் தயாரித்து, அதே பட்டியலை மூன்று நிறுவனங்களுக்குக் கொடுத்து விலை வாங்குவதே எங்கள் முதல் தேர்வு. விலைகளை வரிக்கு வரி ஒப்பிடலாம், பள்ளத்தைப் பார்த்துக் கையெழுத்திடவும் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பார். ஆலோசகருக்கு ஒப்பந்ததாரர் பணம் கொடுக்கக் கூடாது, சங்கமே கொடுக்க வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு விலையையும் இதே டெண்டரில், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் போட்டி இருக்காது. பேட்டரி, கிளாண்ட் பேக்கிங், கேஸ்கெட், பிரஷர் சுவிட்ச் ஆகியவை அந்த விலையில் அடக்கமா இல்லையா என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள், தகராறு வருவதெல்லாம் இவற்றில்தான். வாரம் ஒருமுறை இரண்டு பம்புகளையும் ஓட்டிப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு சங்கத்தின் எலக்ட்ரீஷியனுக்கா, பராமரிப்பு நிறுவனத்துக்கா என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.